நீலத்தில் பதிந்த பெருவிரல்

படம் வரைகிற ஆயில் கலரும் படகுக்கு அடிக்கிற பெயின்ட் மாதிரி சீக்கிரமே காய்ந்துவிடும் என்று நம்பிய மடையன் நான். புதுமடத்தில் படகுக்குப் பெயின்ட் அடிப்பதுதான் என் பிழைப்பு, அந்தத் திமிர்.

அண்ணன் மகள் தன் முதல் கண்காட்சிக்கு வரைந்த படத்தை என் வீட்டில் வைத்திருந்தாள். மறுநாள் அது மதுரைக்குப் போக வேண்டும். உருவம் ஏதும் கிடையாது. தூரிகையாலும் விரலாலும் அப்பிய நீலம், கச்சான் காற்றில் கடல் கிடப்பது போல, மேடும் குழியுமாக இருந்தது. காய்ந்துவிட்டதா என்று பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். மேல்தோல்தான் காய்ந்திருந்தது. விரல் உள்ளே போய்விட்டது.

"ஏங்க, கண்காட்சிக்குப் போற படத்துல கைநாட்டு வச்சுட்டீகளா?" என்றாள் மனைவி.

கரண்டி எடுக்க அடுப்படிக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் படம் முழுக்கக் குழி. இதில் என் குழி எது? ஆழமாகத் தெரிந்த ஒன்றைக் கரண்டி முதுகால் தடவி மட்டமாக்கினேன்.

சாயங்காலம் வந்தவள் படத்தைப் பார்த்ததுமே கேட்டாள்: "சித்தப்பா, இங்கன நான் விரல வச்சு அழுத்துன குழி எங்க?"

உள்ளதைச் சொன்னேன். திட்டிக்கொண்டே அந்த இடத்தில் மறுபடி விரலை அழுத்தினாள். பிறகு என் குழியை இரண்டு பேரும் தேடினோம். அகப்படவில்லை. அதோடுதான் படம் மதுரைக்குப் போனது.