பனி ஹாக்கியும் மில்லர்புரம் பஸ்ஸும்

யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்றிருக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில் பனி ஹாக்கி பற்றித் தமிழில் எழுதி வருகிறேன். நான் பார்த்த பனிக்கட்டியெல்லாம் மீன் பெட்டியில் இருந்ததுதான்.

இன்று மில்லர்புரம் பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் கைபேசியில் என் கட்டுரை! மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய பத்தியை அழித்துவிட்டு, "சான்று இல்லை" என்று காரணம் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி பண்ணுதிய?" என்றேன்.

"எவனோ ஆர்வக்கோளாறுல எழுதிப் போட்டிருக்கான் தம்பி. துறைமுகத்துல வேலை முடிஞ்சு வந்தா, இவனைத் திருத்தவே நேரம் சரியாப் போவுது" என்று கொட்டாவி விட்டார்.

அந்த எவனோ நான்தான் என்று சொல்லத் தெம்பில்லை. சான்று போட மறந்ததும் நான்தானே.

தமிழில் பனி ஹாக்கிக்கு இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான் போலிருக்கிறது. நான் எழுதுகிறேன், அவர் அழிக்கிறார்.

வாசிக்க யாராவது வருகிறீர்களா?