ஆறு சிலேட்டு, ஒரே வாய்

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டு அப்பாசாமிக்கு ஊர் வைத்த பெயர் ‘ஏன் வாத்தியார்’. யார் எதைச் சொன்னாலும், “ஏனுங்க, எதை வெச்சுச் சொல்றீங்க?” என்று கேட்பார். சேந்தமங்கலத்தில் எட்டாவது வரை படித்து மலைக்குத் திரும்பியவர். மாலைதோறும் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் கிடையாது.

1938, தை மாதம். அவரிடம் படித்தவர்களில் ஒருத்தி சென்னம்மாள். வயது நாற்பது, கணவன் இல்லை. அவளுடைய தினை நிலத்தை அடிவாரத்துப் பெரிய நிலக்கிழாரான மிட்டாதாரின் ஏஜெண்டு தனதாக்கப் பார்த்தான். ஐந்து வருஷத்துக்கு முன்பு அது மிட்டாவின் வெறும் புதர், இவள் அத்துமீறி வெட்டித் திருத்திக்கொண்டாள் என்று மனுப்போட்டான். வெள்ளிக்கிழமை தாசில்தார் மலைக்கு வந்து விசாரிப்பார். மலைக்காரி, பெண், படிக்காதவள். இவள் வாயைத் திறக்கவா போகிறாள் என்பது அவன் தைரியம். அநியாயம் எங்கும் எழுதத் தெரியாதவர் கதவைத்தான் முதலில் தட்டுகிறது!

திங்கட்கிழமை அப்பாசாமி ஆறு மாணவர்களையும் எழுதச் சொன்னார்: நிலம் ஏன் சென்னம்மாளுடையது?

ஆறு சிலேட்டிலும் ஒரே வரி. ‘நாட்டுக் கவுண்டர் சொன்னார்.’ அந்த நாட்டுக்கே தலைவர் அவர்.

“சிலேட்டு ஆறு, வாய் ஒண்ணு! அந்த வாயைத் தாசில்தார் நம்பலீன்னா?”

சென்னம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. “கவுண்டர் சொல்லுக்கு மேல என்ன வாத்தியாரே வேணும்? இந்த மலையில அதுக்கு எதிர்ச்சொல்லு உண்டா?”

“மலையில இல்லீங்க அக்கா. தாசில்தாரு மலைக்காரரா? வாங்க, வாயில்லாததைக் கேட்டுப் பாப்போம்.”

வாத்தியாரோடு ஆறு பேரும் நிலத்துக்கு ஓடினார்கள். பாறையில் தினை குத்திய குழி ஒன்று இருந்தது. மாணவர்களில் ஒருவரான கருப்பண்ணன் கையை விட்டார், முழங்கைவரை போயிற்று. “அஞ்சு வருஷத்துல இம்புட்டு ஆழமா? அப்படின்னா உலக்கையில இடி இறங்கியிருக்கோணும்!”

“எழுதுங்க!” என்று கத்தினார் அப்பாசாமி.

“இந்தப் பலா எங்க மாமியா நட்டதுங்க” என்றாள் சென்னம்மாள்.

“அதுவும் வாய்தான் அக்கா. பலா தானா முளைச்சதும்பான் ஏஜெண்டு.”

அவள் மரங்களை மறுபடி பார்த்தாள். ஒன்று, இரண்டு, ஏழு. சட்டென்று கயிற்றை எடுத்து ஒவ்வொரு இடைவெளியாக அளந்தாள். எல்லாம் ஒரே அளவு! “தானா முளைச்சது வரிசை கட்டி நிக்குமா வாத்தியாரே?”

அப்பாசாமி துள்ளிக் குதித்தார். “இதைத்தான் கேட்டேன்! கல்லு, மரம் ரெண்டாச்சு. இனி எதிராளி கையே எழுதுன காகிதம் ஏதாச்சும் இருக்குதா?”

காகிதம் என்றதும் சென்னம்மாள் வீட்டுக்கு ஓடினாள். கூரையில் செருகியிருந்த ஒரு சீட்டைக் கொண்டுவந்தாள். கணவன் உயிரோடிருந்தபோது கூலியாள் ஒருவன் கொண்டுவந்தது. இதுவரை அதை அவளால் படிக்க முடிந்ததில்லை. இப்போது எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள்: ‘சென்னம்மாள் புருஷனுக்கு. மகள் கல்யாணத்துக்கு உன் நிலத்துப் பலா இருபது அனுப்பவும்.’ கீழே ஏஜெண்டின் கையெழுத்து. வருஷம் 1931. ஏழு வருஷம் கூரையில் கிடந்த சாட்சியை, படிக்கத் தெரிந்த பிறகே அவளால் கண்டுபிடிக்க முடிந்தது!

வெள்ளிக்கிழமை, சான்றுகளை வரிசையாக எழுதி அவள் நீட்டிய தாளைத் தாசில்தார் படித்தார். ஏஜெண்டு சிரித்தான். “இவளாவது எழுதுறதாவது! அந்த வாத்தி எழுதிக் குடுத்ததுங்க.”

“இன்னொரு தாள் குடுங்க சாமி. உங்க முன்னாலயே எழுதறேன்” என்றாள் சென்னம்மாள்.

எழுதினாள். தாசில்தார் இரண்டையும் ஒப்பிட்டார். நிலத்துக்கு நடந்து போய்க் குழியில் கைத்தடியை விட்டார், மரங்களை எண்ணினார். பிறகு பழைய சீட்டை ஏஜெண்டிடம் நீட்டினார். “இது உம்ம கையெழுத்தா?”

“ஆமாங்க” என்று அவன் தலை குனிந்தான். நிலம் சென்னம்மாளுடையது என்று அங்கேயே எழுதப்பட்டது.

நாட்டுக் கவுண்டரும் அந்தத் தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் சொல் நாலாவது சான்றாக, கடைசியில் இருந்தது.

“ஏம்புள்ள, நான் கடைசியிலதானா?”

“கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு முந்தியே கல்லும் மரமும் பேசிருச்சுங்க.”

கவுண்டர் ஒரு கணம் முறைத்தார். பிறகு அப்பாசாமி பக்கம் திரும்பினார். “வாத்தியாரே, நாளைக்கு எனக்கும் ஒரு சிலேட்டு எடுத்து வையி.”