மூன்று மதிப்பெண் பீரங்கி

போன மாதம் ஒரு காலையில் குரும்பலூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது எஞ்சினியர் சேகரிடமிருந்து போன் வந்தது. "வக்கீல் போயிட்டாருங்க" என்றார். பெரம்பலூரில் இறங்கிக் கல்லூரிக்குப் போக வேண்டியவன், அப்படியே அரியலூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

வக்கீல் கலியபெருமாளை அரியலூர்க்காரர்களான நீங்கள் எல்லாரும் கோர்ட்டில் பார்த்தவர்கள். அவர் வாதாடினால் வாசலில் டீ குடிப்பவருக்கும் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள்தான் உங்களுக்குத் தெரியாது. அவரும், சேகரும், மருந்துக்கடை பாஷா பாயும், கணக்கு வாத்தியாரான நானும் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பின் கிளப்பில் டேபிள் டென்னிஸ் மேசையை வளைத்துப் போட்டு, பக்கத்துக்கு இருவராக, இரண்டாம் உலகப் போரை நடத்திக்கொண்டிருந்தோம். தீப்பெட்டியை ஒட்டி டாங்கி, ஊதுபத்திக் குச்சியில் பீரங்கி. பகடை உருட்டி, குண்டு துளைத்ததா இல்லையா என்று முடிவு செய்வோம். நரைத்த தலைகள் இப்படி விளையாடுவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு வக்கீல் ஒரு நாற்காலியைக் காட்டி, "உக்காந்து தோத்துப் பாருங்க" என்பார்.

விதிகள், சேகரின் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நகலில் இருந்தன. அதில் போர் தொடங்கிய காலத்து ஜெர்மன் டாங்கிகளின் முப்பத்தேழு மில்லிமீட்டர் பீரங்கிக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண். வக்கீல் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பிரெஞ்சுக்காரனின் கனத்த டாங்கியில் பட்டு அந்தக் குண்டு தெறித்துத்தான் விழுந்தது, மூன்றுக்கு மேல் ஒரு புள்ளி தர முடியாது என்றார். எழுபத்தைந்து மில்லிமீட்டர் ஒன்றும் இருந்ததே என்று சேகர் மடக்கினார். "குழாய் குட்டைங்க சார். குண்டு மெதுவாத்தான் போவும். வாய் பெருசா இருந்தா மட்டும் போதுமா? என்னைப் பாருங்க" என்றார் வக்கீல்.

"அப்புறம் எப்படிங்க பிரான்ஸ் ஒண்ணரை மாசத்துல வுழுந்துச்சு?" என்று சேகர் விடவில்லை.

"தீர்ப்பு வந்துடுச்சுங்கறதுக்காக சாட்சி நல்ல சாட்சியாயிடுமா? ஜெயிச்ச கேஸ்ல எத்தனை உளறுவாயன் கூண்டுல ஏறியிருக்கான் தெரியுமா உங்களுக்கு?"

பீரங்கி மூன்றுக்கு இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், எப்போதும் ஜெர்மன் பக்கம் உட்காருகிறவர் வக்கீல்தான். தன் பீரங்கியைத் தானே மட்டம் தட்டிவிட்டு மாதக்கணக்கில் தோற்றார். "தோக்கறதுக்குன்னே ரூல் போடறீங்களே" என்று சேகருக்கு எரிச்சல். இரண்டு மூன்று வாரம் அவர் கிளப்புக்கே வரவில்லை.

பிரான்ஸ் எப்படி விழுந்தது என்பதற்கு வக்கீலுக்கு விடை கோர்ட்டில் கிடைத்தது. ஒரு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் தனி ஆளாம். கேள்வி கேட்பதும் அவரே, கேஸ் கட்டைப் புரட்டித் தாளைத் தேடுவதும் அவரே, ஆட்சேபிப்பதும் அவரே. இவருக்கோ காதில் ஓத இரண்டு ஜூனியர்கள். அந்த ஞாயிறு மேசைக்கு வந்ததும் அறிவித்தார்: "பிரெஞ்சு டாங்கி மேல்கூண்டுல ஒரே ஆளு. குறி பாக்கறது, குண்டு போடறது, உத்தரவு கொடுக்கறது எல்லாம் அவந்தான். முக்காவாசி டாங்கில ரேடியோ கிடையாது. ஜெர்மன்காரனுக்குக் கூண்டுல மூணு பேரு, ரேடியோவும் இருக்கு. பீரங்கிக்கு மூணுதான். ஆனா ஜெர்மன் பக்கம் ஆட்டம் பூரா பேசிக்கலாம். பிரெஞ்சுப் பக்கம் ஆரம்பிச்ச பொறவு வாயத் தொறக்கக் கூடாது. சைகையும் கூடாது. மீறினா ஒரு சுத்து போச்சு."

அன்றிலிருந்து அதே மூன்று மதிப்பெண் பீரங்கி, பக்கவாட்டில் சுற்றிப் போய், பின்னால் போய், ஜெயிக்கத் தொடங்கியது. சேகர் மேசையைச் சுற்றி வந்து வக்கீலுக்குக் கை கொடுத்தார். எங்கள் நல்ல வருடங்கள் அவை.

அப்புறம் தொண்டையில் புற்று. திருச்சியில் அறுவை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கோர்ட் நின்றது. அதைவிட அவரை வதைத்தது வேறொன்று. பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று நினைத்தோ என்னவோ, எல்லாரும் அவரிடம் கத்திப் பேசினார்கள், குழந்தையிடம் பேசுவதுபோல். நானும் கத்தியிருக்கிறேன். அவர் வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார்.

போன வருடம் ஒரு ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் கிளப்புக்கு வந்தார். அவருக்காக அந்தப் பேச்சு விதியை எடுத்துவிடுவது என்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். சேகர் மெல்ல ஆரம்பித்தார். வக்கீல் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து பிரெஞ்சுப் பக்கம் போட்டார். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கும் முன் மேசையிலிருந்த பாலத்தையும் தோப்பையும் தொட்டுக் காட்டித் திட்டத்தைப் புரியவைத்தார். பிறகு இருவரும் வாயை மூடிக்கொண்டோம். அந்த மேசையில் எனக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. அவருக்கு வேண்டியிருந்தது அதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பாதி ஆட்டத்தில் நான் அவசரப்பட்டுப் பாலத்தை விட்டு டாங்கியை நகர்த்தப் போனேன். டக் டக் என்று வக்கீல் மேசையில் விரலால் தட்டினார்.

"ஃபவுல்!" என்றார் சேகர்.

பாஷா பாய் அவரை முறைத்தார். "சேகர், வுடுங்க" என்றார்.

"ஏன் வுடணும்? தட்டறதும் சைகைதான். ரூல் போட்டதே அவருதான். ஒரு சுத்து போச்சுங்க வக்கீல் சார்."

வக்கீல் சேகரையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கிற்று. அழுகிறார் என்றே பயந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வர, சத்தமே இல்லாமல். பகடையை எடுத்து மரியாதையாகச் சேகர் கையில் கொடுத்தார். பாலம் போனது, ஆட்டமும் போனது. அதன்பின் முடியாமல் படுக்கும்வரை ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது சேகர் கேட்டார்: "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ?" நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்குச் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான் என்றேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஜெயித்தவன் கையிலிருப்பதை ஜெயித்தான் என்பதற்காகவே உயர்த்திப் பேசாமல் இருக்கப் பழகியிருக்கிறேன். இன்னொன்று, அந்த பிரெஞ்சுப் பக்கத்து நாற்காலி. இப்போது நாங்கள் மூன்று பேர்தான். எதிரே அவர்கள் இருவரும் பேசிக்கொள்கிறார்கள், நான் தனியாக உட்காருகிறேன். போன ஞாயிறு யோசனையில் என் விரல் மேசையில் தட்டிவிட்டது. பக்கத்தில் ஆளே இல்லை. ஆனாலும் சேகர் "ஃபவுல்" என்றார். நான் ஒரு சுற்றை விட்டுக்கொடுத்தேன்.