நாத்தனாரை அனுப்பிவிட்டோம்

மூன்று வருடம் இருக்கும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் காலை பாசஞ்சரில் போய் வந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் எனக்கு வேலை. ரயிலில் எங்களுக்கென்று ஒரு கூட்டம் உண்டு. ஐந்து பெண்கள், ஒரு போன். முந்தின நாள் இரவு அசதியில் பார்க்காமல் விட்ட சீரியலை, போனை ஜன்னலோரம் சாய்த்து வைத்துப் பார்ப்போம். பேரணி ஸ்டேஷன் வருவதற்குள் எபிசோடு முடிந்துவிடும். மீதி தூரம் முழுக்கக் கமெண்ட் எழுதுவதுதான் எங்கள் வேலை.

அந்த சீரியலில் ஒரு நாத்தனார். தம்பி பெண்டாட்டியை ஓட ஓட விரட்டுவாள். அவளைக் கண்டாலே எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்களில் எனக்குத்தான் வாய் அதிகம். "இந்தம்மா மூஞ்சிய பாத்தா சோறு எறங்கல, ஜல்தியா கதையை வுட்டு அனுப்புங்க" என்று ஒருநாள் எழுதினேன். திண்டிவனத்தில் இறங்குவதற்குள் லைக் குவிந்துவிட்டது. ஆளாளுக்குக் கீழே 'ஆமாம், அனுப்புங்க' என்று போட்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மின்விசிறியை என் பக்கம் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னால்கூட எங்கள் கடையில் காது கொடுக்க ஆளில்லை. இங்கே ஊரே எனக்கு ஆமாம் போடுகிறது.

சில வாரத்தில் நாத்தனார் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனாள். அவள் போட்டோவுக்கு மாலை போட்டுக் காட்டினார்கள். மறுநாள் ரயிலில் நாங்கள் பால்கோவா வாங்கிச் சாப்பிட்டோம். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அதற்கப்புறம் சீரியல் சப்பென்று ஆகிவிட்டது. திட்ட ஆளில்லை. ரயிலில் ஒருத்தி தூங்க ஆரம்பித்தாள், இன்னொருத்தி தன் போனில் வேறு எதையோ பார்த்தாள். அவளை அனுப்பச் சொன்ன எனக்கே அவள் இல்லாதது என்னவோ போல் இருந்தது. பழைய எபிசோடுகளைத் தேடி எடுத்து அவள் வரும் இடங்களை மட்டும் தனியாகப் பார்த்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, சிரிப்பார்கள்.

அடுத்த ஆடித் தள்ளுபடியின்போது ஒருநாள் கடையில் குனிந்து புடவை மடித்துக்கொண்டிருந்தேன். "தெனம் கட்ற மாதிரி காட்டன்ல காட்டும்மா" என்றது ஒரு குரல். நிமிராமலே தெரிந்துவிட்டது. அந்தக் குரலுக்குத்தானே தினமும் பல்லைக் கடித்தேன். நிமிர்ந்தால், பவுடர்கூடப் போடாத முகம், கையில் ஒரு மஞ்சள் பை.

"அக்கா, நீங்க நாத்தனாரா வந்தவங்கதான?"

"அது அப்போம்மா" என்று சிரித்தார். கண்டமங்கலம் பக்கம் வீடாம். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குத் திண்டிவனம் வந்தாராம். இப்போது புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போகிறாராம்.

ஏன் நடிப்பதில்லை என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"ஆபீசுக்குக் கூப்ட்டு, போன்ல கமெண்ட்லாம் படிச்சிக் காட்னாங்கம்மா. ஜனங்களுக்கு உன்ன புடிக்கல, கதைய முடிச்சிக்கலாம்னாங்க. நா என்னான்னா, நல்லா பண்றதாலதான் திட்றாங்கன்னு சந்தோஷப்பட்டுக்கினு இருந்தேன். அப்பறம் யாரும் கூப்புடல."

எடுத்த புடவை என் கையிலேயே இருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. "அனுப்பச் சொல்லி எழுதுனதுல நானும் ஒருத்திக்கா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் நாலு வார்த்தை திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவரோ மேஜைப் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்டின்னா தெனமும் பாத்தியா?"

"ஒருநாள்கூட வுடலக்கா."

"எந்த சீனு நல்லா இருந்துது?"

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "தம்பிக்கு ஜுரம்னு கேட்டுட்டு அடுப்படியில தனியா நின்னு அழுதீங்களே. தம்பி பொண்டாட்டி உள்ள வந்ததும் டக்குனு மூஞ்சிய கடுகடுன்னு மாத்திக்கினீங்களே, அது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அத டைரக்டர் சொல்லித் தரலம்மா. நானா பண்ணது. யாருமே கவனிக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

புடவையை வாங்கிக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டார். போன் நம்பர் கேட்க வேண்டுமென்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு புது சீரியலுக்குக் கீழேயும் அவரைக் கூப்பிடச் சொல்லி எழுதுகிறேன். ஒன்றிரண்டு லைக் விழும், அவ்வளவுதான். அடுப்படியில் அவர் அழுத அன்றைக்கே 'நல்லா நடிச்சீங்கக்கா' என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே என்ற ஆதங்கம், எந்த சீரியலைப் பார்த்தாலும் எனக்கு வந்துவிடுகிறது.