நாலு நோவும் ஒரு தையல் மிஷினும்

தையல் தொழிலுக்கு மூலதனம் ரெண்டு கை, ரெண்டு கண்ணு, மிதிக்கிறதுக்கு ரெண்டு காலு, அசையாம உட்கார்றதுக்கு ஒரு வயிறு. இதுல ஒண்ணுகூட ஒழுங்கா இல்லாம நான் மரக்காணத்துல டைலர் கடை நடத்தினேன்.

முடக்குவாதம் வந்தப்ப எனக்கு முப்பது வயசுகூட ஆகல. எழுபத்தொண்ணோ எழுபத்திரெண்டோ இருக்கும். அதோட நின்னிருந்தா இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். வாதத்துக்குக் குடுத்த மாத்திரை வயித்தைப் புண்ணாக்குச்சு. சரின்னு வேற மாத்திரை குடுத்தாங்க, அது சர்க்கரையைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. கடைசியா கண்ணுல புரை. கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டா குடும்பத்தோட வந்து எறங்குவாங்க பாருங்க, அந்த மாதிரி. உங்க வீட்டு அலமாரியிலயும் ஒண்ணுக்கு மேல மாத்திரை டப்பா இருந்தா நான் சொல்றது உங்களுக்கு நல்லாவே புரியும். இல்லாதவங்க சிரிச்சுட்டுப் போங்க, அதுவும் நல்லதுதான்.

சாவடி வரைக்கும்

மாசம் ஒரு தடவை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போவேன். சர்க்கரையும் இருக்குதுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, ஊருக்குத் திரும்பற பஸ்ல ஜன்னலோரமா உட்கார்ந்து, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதேன். மாதாகிட்ட சண்டை போட்டேன். ஒண்ணு குடுத்தே, சரி. ரெண்டு குடுத்தே, பொறுத்துக்கிட்டேன். மூணாவது எதுக்கு, இந்த ஊர்ல வேற ஆளே கெடைக்கலையான்னு கேட்டேன். அப்படிக் கேக்கறதுக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு, ஆனா கேட்டேன்.

பெரிய முதலியார்சாவடியில ஒரு மீன்கார அம்மா கூடையோட ஏறி என் பக்கத்துல இடிச்சு உட்கார்ந்துச்சு. மூச்சை இழுத்து விட்டாத்தானே அழ முடியும்? மீன் கூடைக்குப் பக்கத்துல எங்கேர்ந்து மூச்சு இழுக்கறது? அழுகை தானா நின்னுடுச்சு. அன்னிலேர்ந்து எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன். ஆஸ்பத்திரி போற நாள்ல முதலியார்சாவடி வரைக்கும் அழலாம், அதுக்கு மேல கூடாது. வீட்டுக்குக் கண்ணு காஞ்சுதான் போகணும்.

ஒரு வருஷம் போல இது நல்லாத்தான் நடந்துச்சு. கண்ணுல புரைன்னு சொன்ன அன்னிக்குத்தான் கெட்டுச்சு. சாவடி தாண்டியும் நிக்கல. அந்த ரூட்டுல வழக்கமா வர்ற கண்டக்டருக்கு என் சட்டம் எப்படியோ தெரிஞ்சிருக்குது. கிட்ட வந்து நின்னு, ரொம்ப மரியாதையா, டிக்கெட் கேக்கற மாதிரியே கேட்டாரு: "சாவடி தாண்டிடுச்சும்மா. இன்னிக்குக் காலாப்பட்டு வரைக்கும் போட்டுக்கலாங்களா?"

நீலத் தண்ணி

இது சர்க்கரை வந்த புதுசுல நடந்தது. அப்பல்லாம் விரல்ல குத்திப் பார்க்கற மிஷின் ஏது? கண்ணாடிக் குழாய்ல நீல மருந்தை ஊத்தி, அதுல மூத்திரம் எட்டு சொட்டு விட்டுக் காய்ச்சணும். நீலம் நீலமாவே இருந்தா தப்பிச்சோம். பச்சை, மஞ்சள்னு மாறி செங்கல் நிறம் வந்துச்சுன்னா அன்னிக்கு சோத்தைப் பார்த்து பயப்படணும்.

நான் இதை யார்கிட்டயும் சொல்லல. ஏற்கெனவே கை கோணின டைலர். சர்க்கரையும் இருக்குதுன்னு தெரிஞ்சா எவ நம்பித் துணி குடுப்பா? கடைக்குப் பின்னால தட்டி மறைவுல திருட்டுத்தனமாத்தான் காய்ச்சுவேன். ஒரு நாள் வாத்தியார் சம்சாரம் ஜாக்கெட் வாங்க வந்தவங்க, என்னைக் காணோமேன்னு தட்டியைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்துட்டாங்க. நான் குழாயும் கையுமா நிக்கறேன். நல்லவேளை, அன்னிக்கு நிறம் மாறாம நீலமாவே இருந்துச்சு. அவங்க குனிஞ்சு பார்த்தாங்க. முகம் மலர்ந்து போச்சு. அவங்க சொன்னதைக் கேட்டு நான் அப்படியே தரையில உட்கார்ந்து சிரிச்சேன். சர்க்கரைன்னு தெரிஞ்சதுலேர்ந்து அன்னிக்குத்தான் முதல் தடவையா சிரிச்சேன். சிரிச்ச வேகத்துல உண்மையையும் சொல்லிட்டேன், ஒண்ணும் ஆகல, அந்தம்மா அடுத்த வாரமும் துணி குடுத்தாங்க. அவங்க சொன்னது இதுதான்: "நீலம் நல்லா அடர்த்தியா இருக்குதே டைலரக்கா, எங்க வீட்டுக்காரர் வேட்டி ரெண்டு அலசி வச்சிருக்கேன், மிச்சம் இருந்தா கீழ ஊத்திடாதீங்க."

மாப்பிள்ளைச் சட்டை

எக்கியார்குப்பத்துலேர்ந்து ஒரு பையன் கல்யாணச் சட்டைக்குத் துணி கொண்டாந்தான். பளபளன்னு வழுக்கற துணி. எது உள்பக்கம், எது வெளிப்பக்கம்னு தடவித்தான் கண்டுபிடிக்கணும். அன்னிக்குக் கண்ணு முன்னாடி புகை போட்ட மாதிரி இருந்துச்சு, விரலோ மரத்துக் கெடந்துச்சு, வயிறு வேற எரியுது. நாளைக்கு வெட்டலாம்னு வச்சிருக்கணும். ரோஷம் விடுமா? வெட்டிட்டேன். ரெண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டியிருக்கேன், ரெண்டும் இடது கை. அது தெரியாமலே தச்சு, இஸ்திரி போட்டு, நல்லா இருப்பான்னு வாழ்த்தியும் அனுப்பிட்டேன்.

கல்யாணம் முடிஞ்சு எட்டாம் நாளு புதுப் பொண்டாட்டியோட வந்தான். திட்டுவான்னு எதிர்பார்த்தேன். திட்டியிருந்தா எனக்கும் திருப்பிப் பேச வசதியா இருந்திருக்கும். அவன் என் கை விரலைப் பார்த்தான், அப்புறம் ரொம்ப மெதுவா சொன்னான்: "வலது கையை முன்னாடி நீட்டவே முடியலக்கா, தாலியில நான் போட வேண்டிய முதல் முடிச்சையும் சேர்த்து எங்க அக்காவே போட்டுடுச்சு."

முடிச்சு

இதைக் கேள்விப்பட்டதும் என் வீட்டுக்காரர் மிஷினை வித்துடலாம்னாரு. அவரு உப்பளத்துல தண்ணி இறைக்கிற எஞ்சின் ஓட்டறவரு, அதிகமா பேச மாட்டாரு. கோவத்துல சொல்லியிருந்தா ஒரு கை பார்த்திருப்பேன். பாவப்பட்டு சொன்னாரு, அதான் பொறுக்கல. மிஷின் போச்சுன்னா காலையில எழுந்து நான் என்னா பண்றது? எந்த மூட்டு வலிக்குது, எது வலிக்கலன்னு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். நாலு நோவுக்கும் பயப்படாதவ அதுக்கு பயந்தேன். பொங்கல் கழிஞ்சு உப்பு அளம் திறக்கறதுக்குள்ள வாங்கற ஆளைப் பார்த்துடறேன்னு அவரு முடிவா சொல்லிட்டாரு.

அப்ப என் ஜாக்கெட் ஊக்கைக்கூட என்னால மாட்டிக்க முடியாது. தினம் காலையில அவருதான் மாட்டி விடணும். ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கறவளுக்கு இந்த நெலமை. ஒரு நாள் வெறி வந்து ஊக்கு அத்தனையும் அறுத்துப் போட்டேன். துணியை நாடாவா சுருட்டி, பல்லால கடிச்சு இழுத்து, நெல்லிக்காய் பெரிசுக்கு முடிச்சு போட்டேன். எதிர்ப்பக்கம் ஒரு நாடா வளையம். உள்ளங்கையால அழுத்தினா முடிச்சு வளையத்துக்குள்ள போயிடும், விரலே வேணாம். மறுநாள் நானே மாட்டிக்கிட்டேன். அன்னிக்கு எனக்கு இருந்த திமிரை ஊரே பார்த்திருக்கும்.

முதல்ல பார்த்தது கன்னியம்மா. உப்பு வாரற பொம்பளை. வெயிலுக்கும் உப்புக்கும் பயந்து அவங்கல்லாம் புடவை மேல ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் பாத்தியில எறங்குவாங்க. புருஷன் சட்டையைக் கை குறைச்சு வாங்கிட்டுப் போக வந்துச்சு. பட்டன் போடப் போனா விரல் வெடிப்புல ரத்தம் வருமாம், ஊக்கு வச்சா ஒரு மாசத்துல துருப்பிடிச்சுடுமாம். என் முடிச்சை நாலு தடவை மாட்டி மாட்டி அவுத்துப் பார்த்துட்டு, தன் கையை என் கைக்குப் பக்கத்துல வச்சுக் காட்டுச்சு: "உனக்கு வாதம், எனக்கு உப்பு, விரலு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், எனக்கும் இதே மாதிரி வச்சுக் குடு அக்கா."

மிஷின் பார்க்க வந்தவர்

பொங்கல் முடிஞ்ச வாரம் திண்டிவனத்துலேர்ந்து ஒரு டைலர் மிஷினைப் பார்க்க வந்தாரு. வீட்டுக்காரர் வரச் சொன்ன ஆளு. அதே நேரத்துக்குக் கன்னியம்மா தன்னோட வேலை செய்யற பொம்பளைங்களை எல்லாம் கூட்டிக்கிட்டு வந்து நிக்குது. ஆளுக்கொரு பழைய சட்டை கையில, எல்லாத்துக்கும் முடிச்சு வைக்கணும், நாளன்னிக்கு அளம் திறக்கறாங்க. வந்தவரு சக்கரத்தைச் சுத்திப் பார்த்து நல்லா ஓடுதுன்னாரு. இவ்வளவு பேர் முன்னாடி புருஷன்கிட்ட வாய் திறக்கலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். அப்புறம் திறந்துட்டேன்.

"மிஷின் இருந்தா நான் நோவு வந்த டைலர். இது போனா நான் வெறும் நோவு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அவரு வாசல்ல நின்ன பொம்பளைங்களைப் பார்த்தாரு, என் ஜாக்கெட்டுல இருந்த முடிச்சைப் பார்த்தாரு. இத்தனை நாளா காலையில ஊக்கு மாட்ட நான் அவரைக் கூப்பிடவே இல்லங்கறது அப்பத்தான் அவருக்கு உறைச்சிருக்கணும். திண்டிவனத்துக்காரர்கிட்ட, வெயில்ல வந்துட்டே, மன்னிச்சுக்கோப்பா, மோர் குடிச்சுட்டுப் போ, மிஷின் குடுக்கறதுக்கு இல்லன்னு சொன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு; அன்னிக்கு நான் எந்தச் சாவடியையும் பார்க்கல.

வந்தவரு கோவிச்சுக்கல. மோரைக் குடிச்சுட்டு, நான் முன்னாடியே முடிச்சு வச்சிருந்த சட்டை ஒண்ணை எடுத்து, முடிச்சை மாட்டி அவுத்து, திரும்பவும் மாட்டிப் பார்த்தாரு. இருபது வருஷமா தையல்ல இருக்கறவராம். சட்டையைக் கீழ வைக்காமலே கேட்டாரு: "மிஷின் கெடக்குதும்மா, இந்த முடிச்சை எப்படிப் போடறீங்கன்னு எனக்கு ஒரு தடவை காட்டுவீங்களா?"

ஆக, வந்த நோவு நாலுல ஒண்ணுகூட என்னை விட்டுப் போகல, மிஷினும் போகல. இதுல ஜெயிச்சது நான்தான்னு சொன்னா எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் மறுத்துப் பேசினதில்ல.