சரோஜாக்கா ஊட்டுக்குப் போட்ட பாதை

ஏற்காட்டில் கான்கிரீட் போடுகிற நமக்கு முதலாளி வீட்டுக்காரர் இல்லை, வானம்தான். கரணை பிடித்துப் பூசிக் கை நொந்த கொத்தனார்கள் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மாரமங்கலத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் பாதை போட்ட கதை இது.

நடுவில் நின்ற மரம்

வீட்டுக்காரர் பழனிசாமி அண்ணன் ஜீப் ஓட்டியவர். பக்கவாதம் வந்த பிறகு சக்கர நாற்காலிதான். வாசலிலிருந்து கேட் வரை சரிவான மண் தரை. மழை பெய்தால் வழுக்கும். நூல் பிடித்துப் பார்த்தேன். குறுக்கே ஒரு கமலா ஆரஞ்சு மரம். “இதை வெட்டிட்டா நேரா வந்துருமுங்க” என்றேன். அண்ணன் வேண்டாமென்று இடது கையை வேகமாக ஆட்டினார். அவர் சம்சாரம் சரோஜாக்கா சிரித்தார்.

“நேராப் போயி எந்தப் பஸ்ஸப் புடிக்கப் போறாருங்க? மரத்தச் சுத்தியே போவட்டும்.”

மிளகு நனைந்த மத்தியானம்

பாதிப் பாதைக்குக் கலவை கொட்டியிருந்தோம். மூடுபனி ஏறியது, பின்னாலேயே கோடை மழை. என் தார்ப்பாய் பாதிக்குக்கூடப் பத்தவில்லை. களத்தில் காய்ந்த மிளகைத் தன் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்த அக்கா, அதை உருவிக்கொண்டு ஓடி வந்தார். ஆளுக்கொரு முனை பிடித்து நின்றோம். எதிரே மிளகு நனைந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அக்கா சொன்னார்:

“மொளகு நாளைக்குக்கூடக் காஞ்சுக்கும் சாமி. இவரு ஒரு வருசமா வாசலத் தாண்டல.”

பளபளப்பு

அந்த நன்றியில், மறுநாள் மீதிப் பாதையைக் கண்ணாடி மாதிரி தேய்க்க ஆரம்பித்தேன். என்னோடு பல வருடமாகச் சித்தாள் வேலை பார்க்கும் ராணி, கலவைச் சட்டியை இறக்கிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். பனி இறங்கினால் அதில் நாற்காலி வழுக்கும் என்பது அவள் கேட்ட பிறகுதான் உறைத்தது. சிரித்துக்கொண்டே தென்னந்துடைப்பத்தால் கோடு இழுத்துச் சொரசொரப்பாக்கினேன். அவள் கேட்டது இதுதான்:

“ஏனுங்ணா, மூஞ்சி பாக்கறதுக்கா போடறோம், வண்டி ஓட்டறதுக்கா?”

கேட்டுக்கு வெளியே

ஈரச்சாக்கு போட்டுப் பல நாள் நனைத்து, பாதை இறுகிய பிறகு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் மரத்தைச் சுற்றி இறங்கினார். கேட்டைத் தாண்டியதும் ரோட்டில் போன ஜீப் நின்றது. பழைய கூட்டாளிகள் குதித்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நானும் ராணியும் ஒதுங்கி நின்றோம். அண்ணன் எங்களைத் தேடித் திரும்பி, எதிர்க் கடையைக் காட்டி, குழறலாக ஆனால் சத்தமாகச் சொன்னார்:

“வா சாமி... டீ குடிக்கலாம்.”

இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளத் தெரிந்த எனக்கு, இப்படிப்பட்டவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இன்னும் தெரியவில்லை.