மஞ்சள் தொப்பிகளுக்கு நடுவில் மகி

குழந்தையோடு பயணம் போவது எப்படி என்று போனில் தேடிப் பார்த்தேன். விமானத்தில் போகும்போது காது அடைக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். டவுன் பஸ்ஸில் போனால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதக் காணோம். கம்மாபுரம் பக்கமிருந்து நெய்வேலி வழியாகக் கடலூர் போகிறவர்கள் யாராவது இருந்தால் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன சித்திரையில் என் அக்காவுக்குக் கடலூர் ஆஸ்பத்திரியில் இரண்டாவது குழந்தை பிறந்தது. துணைக்கு அம்மா போய்விட்டாள். அக்காவின் மூத்த மகள் மகிக்கு இரண்டே முக்கால் வயது. அவள் என்னிடம் இருந்தாள். நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கிறேன் என்பதால் மகி பிறந்ததிலிருந்தே பாதி நேரம் என் இடுப்பில்தான். சாப்பாடு ஊட்ட, தூங்க வைக்க எனக்குத் தெரியும். வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கமில்லை. எனக்குத் தெரியாதவர்களிடம் பேச வராது. பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன்' என்று நான் சொன்னது டீச்சருக்குக் கேட்காமல், வந்த நாளிலேயே எனக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கிறது.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறார். அன்று அவருக்கு முதல் ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்கு விடுவார்கள். அவர் ஊருக்கு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனால், ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்துவிடும். அதனால் நானே மகியைக் கேட் வரைக்கும் கொண்டு வந்துவிட வேண்டும் என்று முடிவானது.

"நீ யார்கிட்டயும் பேச வேணாம் ரேணு. ஆட்டோல ஏறு, மைன்ஸ் கேட்டுன்னு சொல்லு, எறங்கு, நெழல்ல நில்லு. நான் வந்துடறேன்" என்றார் மாமா.

வேலை நேரத்தில் அவர் போனைப் பூட்டி வைத்துவிடுவார். அதாவது இரண்டு மணி வரைக்கும் என்ன நடந்தாலும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் பஸ் ஏறினோம். டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இலவசம். மகிக்கு ஐந்து வயது ஆகாததால் அவளுக்கும் டிக்கெட் இல்லை. பையில் இரண்டு தண்ணீர் பாட்டில், தயிர்சாதம், நான்கு ஜட்டி, ஒரு துண்டு, பிஸ்கட் இருந்தன. பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே அவள் வாந்தி எடுத்தால் என்ன செய்வது, பாத்ரூம் வந்தால் கண்டக்டரிடம் எப்படிச் சொல்வது என்று ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று தடவை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலுக்குச் சுட்டதா, காய்ச்சலா என்று தெரியவில்லை.

பக்கத்து சீட்டில் ஒரு அம்மா கருவேப்பிலைக் கட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"யாருதும்மா, உன்னுதா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். பஸ் ஆடிய ஆட்டத்தில் அது ஆமாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

"உனுக்கே இன்னும் பால் பல்லு வுழல. அதுக்குள்ள என்னா அவசரம் உங்க வூட்ல?" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். முன்னால் நின்ற இரண்டு பையன்கள் திரும்பிச் சிரித்தார்கள். 'இது எங்க அக்கா பொண்ணு' என்று சொல்ல நாலு வார்த்தைதான் வேண்டும். இறங்குகிற வரைக்கும் அது என் வாயில் வரவில்லை.

பாதி வழியில் மகி அப்பா வேண்டும் என்று அழ ஆரம்பித்தாள். அப்போது நான் எங்கள் வீட்டில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "மஞ்சத் தொப்பி வரும் பாரு, அதான் அப்பா."

இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கம் மைன்ஸுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர், அங்கே தலைக்குப் போடக் கொடுக்கும் மஞ்சள் ஹெல்மெட் தொப்பியோடுதான் வண்டியில் வீட்டுக்கு வருவார்கள். தெருமுனையில் மஞ்சளாகத் தெரிந்ததுமே மகி "அப்பா" என்று ஓடுவாள். அக்கா அப்படித்தான் அவளுக்குக் காட்டிப் பழக்கியிருந்தாள். எங்கள் தெருவில் சாயங்காலம் வருகிற மஞ்சள் தொப்பி ஒன்றே ஒன்றுதான். அதனால் எங்களுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

நெய்வேலி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். இருபது ரூபாய். கேட்டுக்கு எதிரில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் அடியில் ஒரு அக்கா மோர் விற்கிறார், டம்ளர் பத்து ரூபாய். சாலை ஓரமாக ஷிப்ட் பஸ்கள் நான்கு வரிசையாக நின்றன. மகிக்குத் தயிர்சாதம் ஊட்டினேன். பாதியைத் துப்பினாள். "அப்பா எப்போ? அப்பா எப்போ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் மஞ்சள் தொப்பி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சரியாக ஷிப்ட் விடுகிற நேரத்தில் அவள் ஜட்டியை நனைத்துவிட்டாள். நான் குனிந்து மாற்றிவிட்டு, ஈரத்துணியைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டேன். அவ்வளவு நேரம்தான். நிமிர்ந்தால் மகி இல்லை.

சாலை முழுக்க மஞ்சள் தொப்பிகள். உச்சி வெயில் என்பதால் ஒருவர் விடாமல் தலையில் போட்டிருந்தார்கள். நூறு இருக்குமோ, இருநூறு இருக்குமோ. எல்லாருக்கும் ஒரே சட்டை. சிலர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள், சிலர் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மகி" என்று கூப்பிட்டேன். எனக்கே கேட்கவில்லை.

மோர் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "இன்னா ஆச்சு? கொழந்த எங்க? இங்கதான நின்னுகினு இருந்துச்சு?"

"தெரியல."

"தெரியலன்னா? சத்தமா கூப்புடு. நின்னுகினு இருந்தா எப்புடி?"

மறுபடி கூப்பிட்டேன். அவரும் கூப்பிட்டார். எந்தப் பக்கமும் அழுகைச் சத்தம் இல்லை. அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. அவள் அழ மாட்டாள். மஞ்சள் தொப்பி யார் போட்டிருந்தாலும் அவளுக்கு அது அப்பா. யாரோ ஒருவரிடம் அவள் சந்தோஷமாக இருக்கிறாள். அழாத குழந்தையை, காணாமல் போன குழந்தை என்று யார் நினைப்பார்கள்?

முதல் பஸ் நகர ஆரம்பித்தது. நான் ஓடிப்போய் அதன் பக்கத்துத் தகரத்தில் இரண்டு கையாலும் அடித்தேன். பஸ் நின்றது. அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டு கத்தினேன்.

"எல்லாரும் தொப்பியக் கழட்டுங்க!"

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, செக்கிங்கா?" ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வழக்கமாக அந்தச் சிரிப்பே போதும், ஓடிப்போய் ஒளிந்துகொள்வேன். அன்று இன்னொரு தடவை கத்தினேன். "தொப்பியக் கழட்டுங்க. எங்க அக்கா பொண்ணு, தொப்பியப் பாத்து அப்பான்னு போயிடுச்சு. கழட்டுங்க!"

"கழட்டுங்கய்யா, கொழந்தையக் காணும்னு அழுவுது பொண்ணு" என்று மோர் அக்கா பின்னால் இருந்து சேர்ந்துகொண்டார்.

சிரிப்பு நின்றுவிட்டது. முன்னால் நின்றவர் கழற்றினார். அவரைப் பார்த்து அடுத்தவர். பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கு யாரோ சொல்ல, அவர்களும் கழற்றினார்கள். வேர்வையில் ஒட்டிய முடியும் நரைத்த தலையும் வழுக்கையுமாக அந்தச் சாலையே வேறு சாலை ஆனது.

மூன்றாவது பஸ்ஸுக்குள்ளிருந்து வீல் என்று ஒரு அழுகை வந்தது.

நான் படியில் ஏறுவதற்குள் ஒரு பெரியவர் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அவருக்கு முன்பக்கம் முழு வழுக்கை. மகி அவர் தலையைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

"காலக் கட்டிகினு அப்பா அப்பான்னுச்சும்மா. நம்ம ஆளுங்க யாரோ வரச் சொல்லியிருக்காங்க, அவரு உள்ள ஒக்காந்திருப்பாருன்னு தூக்கியாந்தேன். மடியில நல்லாத்தான் இருந்துச்சு. தொப்பியக் கழட்டனதும் இப்புடி" என்றார். பக்கத்தில் இருந்தவர், "உன் மண்டையப் பாத்தா நாங்களே அழுவோம்" என்றார். பெரியவர் சிரிக்கவில்லை. மகியை என்னிடம் கொடுத்துவிட்டு, நான் அவளை இடுப்பில் சரியாக வைத்துக்கொள்கிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

மாமா பத்து நிமிடம் கழித்து வந்தார். என்ன நடந்தது என்று நான் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"இன்னா ரேணு, தொண்ட கட்டிகிச்சு?"

"கட்டாம? ரெண்டாவது ஷிப்ட்டுக்கு உள்ள போனவனுக்கே கேட்டிருக்கும்" என்று மோர் அக்காதான் முழுக் கதையையும் சொன்னார். மாமா தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி என் பைக்குள், பிஸ்கட்டுக்குக் கீழே திணித்தார். எங்களுக்கு ஊற்றிக் கொடுத்த மோருக்குக் காசு கொடுத்தால் அந்த அக்கா வாங்கவில்லை.

நெய்வேலியிலிருந்து கடலூருக்கு வடலூர், குள்ளஞ்சாவடி வழியாக ஒன்றரை மணி நேரம் ஆகும். நேரடி பஸ் கிடைக்காவிட்டால் வடலூரில் மாறிக்கொள்ளலாம். குள்ளஞ்சாவடியில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும், அங்கே குழந்தைக்கு முகம் கழுவிவிடலாம். மகி வழி முழுக்கத் தூங்கினாள். நான் அவள் கையை விடவே இல்லை. இறங்கும்போது என் விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஷிப்ட் விடுகிற நேரத்தில் கேட் பக்கம் குழந்தையோடு நிற்காதீர்கள், பஸ் ஸ்டாண்டிலேயே இருங்கள். போன் நம்பரைக் குழந்தையின் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். வெளிர் நிறம் போடாமல், தூரத்தில் தெரிகிற மாதிரி சிவப்புச் சட்டை போடுங்கள், ஆனால் மஞ்சள் வேண்டாம். துணி மாற்றும்போது குழந்தையை உங்கள் இரண்டு காலுக்கு நடுவில் நிறுத்துங்கள். யாரையும் சட்டையை வைத்தோ தொப்பியை வைத்தோ குழந்தைக்கு அடையாளம் காட்டாதீர்கள். என்னை மாதிரி சத்தம் வராதவர்கள், சத்தம் வரும் என்று நம்புங்கள். தேவைப்படும்போது வருகிறது.

ஆஸ்பத்திரிக்கு நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளை பெற்றவளுக்குக் காதில் காற்றுப் போகக் கூடாது என்று அம்மா அக்காவின் தலையைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். அக்கா கையை நீட்டினாள். மகி போகவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்தத் துண்டையே பார்த்தாள்.

"கழட்டு" என்றாள்.

"பச்ச ஒடம்புடி, கழட்டக் கூடாது" என்றாள் அம்மா.

"கழட்டு."

அக்கா என்னைப் பார்த்தாள். குரல் இல்லாததால், நான் கழற்று என்று கையால் காட்டினேன். அக்கா துண்டை அவிழ்த்தாள். மகி அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு என் இடுப்பிலிருந்து இறங்கிப் போனாள்.